துண்டுக்குள் பேசியது

சின்னவனே.

வீட்டில் உன்னை அப்படித்தான் கூப்பிட்டோம். பள்ளிக்கூடத்துப் பெயர் வேறு. அதை இங்கே எழுத மாட்டேன். யார் பெயரையும் எழுத மாட்டேன். ஒரு பெயரை எழுதியதால்தான் இவ்வளவும் நடந்தது.

நீ மண்ணுக்குள் போய் நாற்பது நாள் ஆகிவிட்டது. நான் எட்டாவதோடு நின்றவன். உட்கார்ந்து எழுதிப் பழக்கமில்லை. உன் போனில் கேட்டால் ஒரே நிமிடத்தில் எழுதித் தந்துவிடும் என்று உன் கூடப் படித்த பையன் சொன்னான். அவன் நல்லதாகத்தான் சொன்னான். எனக்கு அவன் கழுத்தைப் பிடிக்கத் தோன்றியது. பிடிக்கவில்லை. கடையில் ஒரு நோட்டு வாங்கி வந்து நானே எழுதுகிறேன்.

உனக்கு எல்லாம் தெரியும், தம்பி; இனிமேல் படிக்கிறவர்களுக்குச் சொல்கிறேன். எனக்குத் தொழில் ஆட்டு வியாபாரம். செஞ்சியைச் சுற்றியிருக்கிற ஊர்களில் மொபெட்டில் வீடு வீடாகப் போய் ஆடு பிடிப்பேன். வெள்ளிக்கிழமை சந்தையில் விற்பேன். சந்தையில் நாங்கள் விலையை வாயால் பேசுவதில்லை. விற்பவன் கையும் வாங்குபவன் கையும் ஒரு துண்டுக்குள் போகும். உள்ளே விரலைப் பிடித்து, மடக்கி, அழுத்தி விலை சொல்வோம். வெளியே நிற்கிறவனுக்குத் துண்டு அசைவது மட்டும் தெரியும். துண்டுக்குள் நடந்ததைத் துண்டை எடுத்த பிறகு எவனும் சொல்ல மாட்டான். சொன்னவனிடம் அடுத்த வாரம் யாரும் கை நீட்ட மாட்டார்கள்.

ஊர்களில் ஆடு வளர்ப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். அவர்கள் கையை நான் பிடிக்க முடியாது. பட்டிக்குப் பக்கத்தில் நின்று வாயால்தான் சொல்வார்கள். விலையோடு சேர்த்து வீட்டு விஷயமும் வரும். ஏன் அவசரமாக விற்கிறார்கள், எதற்கு விற்கிறார்கள், யாருக்குத் தெரியக் கூடாது, எல்லாம் வரும். சொல்வதற்கு முன்னால் குரலைத் தாழ்த்தி, “இது துண்டுக்குள்ள, பாய்” என்பார்கள். நான் தலையாட்டுவேன்.

எனக்கு மறதி அதிகம். அதனால் ஒரு பச்சை அட்டை நோட்டு வைத்திருந்தேன். எந்த ஊர், எந்த வீடு, யார் பெயர், எத்தனை ஆடு, எப்போது போகலாம் என்று நாலு வார்த்தையில் குறித்து வைப்பேன். ஒரு பக்கத்தில் ஓர் அக்காவின் பெயருக்குக் கீழே இப்படி இருந்தது: “வேப்பமர வீடு. நாலு வெள்ளாடு. புருசன் இல்லாதப்ப போ. மக நர்சிங். குடி. அடி.”

வேறு யாருக்கும் புரியாது என்று நினைத்திருந்தேன்.

எங்கள் தெருவில் பல்கலைக்கழகத்துக்குப் போன முதல் ஆள் என் தம்பி. சமூகப்பணி படித்தான். அது என்ன படிப்பு என்று சந்தையில் கேட்டால், “கலெக்டர் ஆபீஸ் மாதிரி ஒண்ணு” என்பேன். ஹாஸ்டலில் இருந்தான். இரண்டு பஸ் மாறி சனிக்கிழமை வருவான். அத்தா செத்த பிறகு அவன் படிக்கட்டும் என்று அம்மாவிடம் சொன்னவன் நான்தான். ஆட்டுத் தலையை வெட்டுகிற கத்தியை அவன் கையில் ஒரு நாளும் கொடுத்ததில்லை.

கடைசி வருடம் ஒரு வேலை கொடுத்தார்கள். கிராமத்தில் ஆடு வளர்க்கிற நாற்பது பெண்களிடம் பேசி, அவர்கள் சொன்னதை அவர்கள் வார்த்தையிலேயே எழுதி வர வேண்டும். பாடம் எடுக்கிற மேடம் சொன்னதை அவன் சாப்பிட்டுக்கொண்டே நடித்துக் காட்டினான். இல்லாத கண்ணாடியை மூக்கில் தள்ளிவிட்டுக்கொண்டு பேசினான்.

“ஏஐ வெச்சிக்கோங்க, நான் வேணாம்னு சொல்லல. எழுத்துப்பிழை பாருங்க, புரியாதத கேளுங்க. ஆனா மனுஷங்க சொல்ல வேண்டியத அது சொல்லக் கூடாது. ஒருத்தரோட பேரையும் கதையையும் தூக்கி அதுக்குக் குடுக்கவும் கூடாது. எங்க எங்க யூஸ் பண்ணீங்கன்னு கடைசிப் பக்கத்துல எழுதி கையெழுத்து போடணும்.”

அம்மா கேட்டாள். “ஏஐன்னா இன்னாடா? ஆளா?”

“ஆளு மாதிரி பேசும்மா. ஆளு இல்ல.”

“ஆளு இல்லாதது பேசுனா சைத்தான்டா” என்றாள் அம்மா. மூன்று பேரும் சிரித்தோம்.

பதினோரு பேரிடம் அவன் நிஜமாகவே போய்ப் பேசினான். மேல்சித்தாமூர் பக்கம் வரைக்கும் சைக்கிளில் போனான். அதற்கு மேல் முடியவில்லை. மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, பிடுங்குகிற நேரம், பெண்கள் யாரும் வீட்டில் இல்லை. இருந்தவர்களும், “உனுக்கு இன்னா வேணும், லோனு தர்றியா?” என்று கேட்டார்கள். அவனுக்குக் கூச்சம். தலையைக் குனிந்துகொண்டு திரும்பி வந்தான். ஒப்படைக்க ஒரு வாரம்தான் இருந்தது.

“அண்ணே, உன் பச்ச நோட்ட குடேன்” என்றான்.

வீடு கண்டுபிடிக்கக் கேட்கிறான் என்று கொடுத்தேன். அவன் பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்தான். அப்போதும் தடுக்கவில்லை. அடுத்த நாள் போனைக் காட்டி ஒன்றைப் படித்தான். அந்த வேப்பமர வீட்டு அக்கா பேசுவது போல இருந்தது. “என் கணவர் குடித்துவிட்டு அடிப்பார். அவருக்குத் தெரியாமல் ஆடு விற்றுத்தான் மகளைப் படிக்க வைக்கிறேன். என் மகள் என்னைப் போல ஆகக் கூடாது.” மேலே அந்த அக்காவின் பெயர். ஊர்ப் பெயர், தெருப் பெயர்.

நான் போனை வாங்கிப் பார்த்தேன். “டேய், அந்தக்கா பேசற மாதிரியே இருக்குதுடா. எப்பிடிடா கண்டுபுடிச்சிது?”

“நீ எழுதி வெச்ச நாலு வார்த்த போதும்ணே அதுக்கு.”

அங்கேயே செருப்பைக் கழற்றி அடித்திருக்க வேண்டும். நான் அவன் முதுகில் தட்டிக்கொடுத்தேன். இதை மறைக்காமல் எழுத வேண்டும் என்றுதான் இந்த நோட்டை வாங்கினேன்.

கடைசிப் பக்கத்தில், ஏஐ பயன்படுத்தவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு ஒப்படைத்தான். பெயர்களை எடுத்துவிட வேண்டும் என்று தெரிந்திருந்தும் அவசரத்தில் எடுக்கவில்லை.

அவன் வகுப்பில் அந்த அக்காவின் ஊர்க்காரப் பையன் ஒருவன் இருந்தான். நம் ஊர் பெயர் புத்தகத்தில் வந்திருக்கிறதே என்ற சந்தோஷத்தில் அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்து ஊர் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டான். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. கீழே என் தம்பி பெயரைப் போட்டு, பூ, கைதட்டல் எல்லாம் வைத்திருந்தான்.

சனிக்கிழமை காலையில் நான் அந்த ஊருக்கு ஒரு கிடாவைப் பார்க்கப் போனேன். அவலூர்பேட்டை ரோட்டில் ஓர் ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள். வேப்பமரத்தடியில் நாய்கள் கூடியிருந்தன. கிட்டே போனதும் ரத்த வாடை அடித்தது. எனக்கு அது தினமும் பழகிய வாடைதான். ஆனால் நாங்கள் அறுப்பது ஒரே இழுப்பு. அல்லாஹ் பெயரைச் சொல்லி, தண்ணீர் காட்டி அறுப்போம். இங்கே நாலு ஆடும் கொடுவாளால் வெட்டிப் போடப்பட்டிருந்தன. ஒன்றுக்குப் பின்னங்கால் தனியாகக் கிடந்தது. ஒரு சினை ஆட்டின் வயிறு கிழிந்து உள்ளே இருந்த குட்டி மண்ணில் கிடந்தது. ஒரு ஆட்டுக்கு இன்னும் உயிர் போகவில்லை. கண் என்னைப் பார்த்தது. இடுப்புக் கத்தியை எடுத்து நான்தான் முடித்தேன்.

அந்த அக்கா சுவரோரம் உட்கார்ந்திருந்தார். வலது மணிக்கட்டு தொங்கியது. குரூப்பில் பார்த்த புருஷன் உலக்கையால் அடித்திருக்கிறான். உதடு பிளந்து, முன்பல் ஒன்று இல்லை. பக்கத்து வீட்டுப் பெண்கள் தூரத்தில் நின்று பார்த்தார்கள். யாரும் கிட்டே வரவில்லை. ஊர் மானத்தைப் பேப்பரில் ஏற்றியவள் என்று ஆகிவிட்டது.

என்னைப் பார்த்து அவர் அழவில்லை. திட்டவும் இல்லை.

“துண்டுக்குள்ளதான பாய் சொன்னேன்” என்றார்.

அவ்வளவுதான். அவருடைய அண்ணன் ஆட்டோ கொண்டுவந்து பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். போகும்போது அந்த அண்ணன் என் சட்டையைப் பிடித்துச் சொன்னார். “நாளைக்கு ஊர்க் கூட்டம். இவ சொல்லலன்னு எவனாச்சும் வந்து சொன்னாதான் இவ மறுபடியும் ஊருக்குள்ள உசுரோட இருக்க முடியும். இவதான் சொன்னான்னு முடிவாச்சின்னா, இவ புருசன் வெட்டிப்போட்டாலும் எவனும் கேக்க மாட்டான். உன் தம்பிய இட்டுக்கினு வா.”

நான் வீட்டுக்கு எப்படி வந்தேன் என்று தெரியாது. தம்பி பாயில் உட்கார்ந்து போனில் எதையோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். மொபெட்டில் ஆடு கட்டுகிற நைலான் கயிறு கையில் இருந்தது. மடித்து அடித்தேன். முதல் அடி காதில் விழுந்தது. அவன் எழுந்தான். எழுந்தவனைச் சுவரில் தள்ளி முதுகில் அடித்தேன். சட்டை கிழிந்தது. அடித்துக்கொண்டே இருந்தேன். அம்மா என் காலைக் கட்டிக்கொண்டு கத்தினாள். அவளையும் உதறினேன். கயிறு கையைச் சுட்ட பிறகுதான் நின்றேன்.

அவன் ஓடவில்லை. மூச்சு வாங்க, “இன்னாண்ணே ஆச்சி?” என்றுதான் கேட்டான். சொன்னேன். ஆட்டுக்குட்டியைச் சொன்னபோது வாசலுக்குப் போய் வாந்தி எடுத்தான்.

“அவங்க எங்கிட்ட பேசவே இல்லண்ணே” என்றான். “அவங்க மூஞ்சிய கூட நான் பாத்ததில்ல.”

பிறகு மேடத்துக்குப் போன் போட்டான். எனக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டான். ஒன்றும் மறைக்கவில்லை. பதினொன்று நிஜம், மீதி ஏஐ எழுதியது, அண்ணன் நோட்டை அதற்குக் கொடுத்தேன், கையெழுத்துப் பொய் என்று சொன்னான்.

“இந்த வருஷம் போயிடும்பா. தெரியுமில்ல?” என்றார் மேடம்.

“தெரியும் மேடம்.”

“அந்தப் பதினொண்ணு உன்னுது. அத வெச்சி மறுபடி ஆரம்பிக்கலாம். இப்ப முக்கியம் அந்தம்மா. நான் திங்கக்கிழம போலீஸ கூட்டிக்கிட்டு உன்னோட வரேன். அதுவரைக்கும் நீ தனியா போகாத.”

அவர் சொன்னது சரி. ஆனால் கூட்டம் ஞாயிற்றுக்கிழமை. திங்கட்கிழமை வரை நிற்கலாமா என்று தம்பி என்னைப் பார்த்தான். என் கையில் இன்னும் கயிறு இருந்தது.

“ஆம்பளையா இருந்தா நாளைக்கே வந்து சொல்லுடா” என்றேன்.

இதுவும் நான் சொன்னதுதான்.

தண்ணீர் டேங்குக்குக் கீழே கூட்டம். பகல் பதினோரு மணி வெயில். கோட்டை மலை எதிரே வெள்ளையாகக் காய்ந்துகொண்டிருந்தது. புருஷன்காரன் ஒரு பக்கம் குந்தியிருந்தான். அந்த அக்கா கையில் மாவுக்கட்டோடு அண்ணன் பின்னால் நின்றார். தம்பி முழுக்கைச் சட்டை போட்டு வந்திருந்தான், தழும்பு தெரியாமல் இருக்க.

அவன் நடுவில் நின்று சொன்னான். “அந்தப் பேப்பர்ல இருக்கறத இந்தக்கா சொல்லல. நான் இவங்கள பாத்ததே இல்ல. போன்ல ஏஐன்னு ஒண்ணு இருக்குது. அதுகிட்ட எழுத சொல்லி, இவங்க சொன்னதா பொய்யா போட்டேன். தப்பு என்னுது. மன்னிச்சிடுங்க.”

“போனு எழுதிச்சா?” என்று ஒரு பெரியவர் கேட்டார். “எங்க வூட்டு போனு மிஸ்டு காலு கூட ஒழுங்கா குடுக்க மாட்டேங்குது.”

சிரிப்பு. புருஷன்காரன் எழுந்தான். “எம் பொண்டாட்டி விசயம் போனுக்கு எப்பிடிடா தெரியும்? கத வுடுறியா?”

“அதுக்கு ஒண்ணும் தெரியாதுண்ணா. இப்பிடித்தான் இருக்கும்னு அதுவா எழுதும். காட்டறேன். இந்த ஊர்லயே இல்லாத ஒரு பேர் சொல்லுங்க.”

யாரோ ஒரு சினிமா நடிகை பெயரைச் சொன்னார்கள். தம்பி அதைப் போனில் போட்டு, ஆடு வளர்க்கிற பெண்ணாகப் பேசச் சொன்னான். சத்தமாகப் படிக்கவிட்டான். “நான் விடியற்காலையில் எழுந்துவிடுவேன். என் கணவர் மது அருந்திவிட்டு என்னை அடிப்பார். அவருக்குத் தெரியாமல் சேமித்து என் பிள்ளைகளைப் படிக்க வைக்கிறேன்.”

“அடப்பாவி, அவளையுமாடா அடிக்கிறான்!” என்று ஒருவன் கத்த, கூட்டமே சிரித்தது.

பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது. “இன்னா சிரிப்பு? ஊரு பேரு தெரியாத போனுக்கே தெரிஞ்சிருக்குது. எந்த வூட்ல நடக்கல?” அந்தப் பக்கம் சிரிப்பு நின்றுவிட்டது.

புருஷன்காரன் திரும்பி என்னைப் பார்த்தான். “பாய், நீ சொல்லு. நீதான் இந்த ஊர்ல ஆடு புடிக்கிற. இவ எனக்குத் தெரியாம உனக்கு ஆடு வித்தாளா?”

தம்பி எல்லாவற்றையும் உண்மையாகச் சொல்லியிருந்தான், பச்சை நோட்டைத் தவிர. அதை மட்டும் அவன் வாயே திறக்கவில்லை. நான் தோளில் கிடந்த துண்டைப் பிடித்துக்கொண்டேன். “இல்ல” என்றேன். “ஒண்ணு கூட வாங்கல.”

என் தம்பி உண்மை சொல்லி முடித்த இடத்தில் நான் பொய் சொன்னேன். இன்றைக்கு மறுபடி கேட்டாலும் அந்த இடத்தில் அதைத்தான் சொல்வேன்.

பெரியவர் முடித்துவைத்தார். “பொம்பள மேல தப்பு இல்ல. பையன் ஒத்துக்கினான். ஆட்ட வெட்டுனதுக்கும் கைய ஒடச்சதுக்கும் நீதான்டா பதில் சொல்லணும்” என்று புருஷன்காரனிடம் சொன்னார். அந்த அக்கா சுவரில் சாய்ந்தார். அவர் அண்ணன் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். முடிந்தது என்று நினைத்தேன். மொபெட்டை எடுக்கத் திரும்பினேன்.

பின்னால் ஒரு பொடியன் சொன்னான். “மாமா, இனிமே உன் பொண்டாட்டி இன்னா சொல்றாங்கன்னு போன்லயே கேட்டுக்கோ.”

மறுபடியும் சிரிப்பு.

செஞ்சியில் கல்லுக்குப் பஞ்சமில்லை. காலடியிலேயே கிடக்கும். தம்பி குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டிருந்தான். புருஷன்காரன் இரண்டு கையாலும் தூக்கியதை நான் பார்த்தேன். “டேய்” என்று கத்துவதற்குள் அது இறங்கிவிட்டது. தேங்காய் உடைவது போன்ற சத்தம். தம்பி முன்னால் விழுந்தான். புருஷன்காரன் இரண்டாவது முறையும் ஓங்கிப் போட்டான். மூன்றாவதற்குள் நான் அவன் மேல் போய் விழுந்தேன். அவன் முகத்தை முஷ்டியால் குத்தினேன், பல் என் விரலில் ஏறியது. கண்ணைத் தோண்டப் போனேன். இடுப்பில் கத்தி இருந்தது. கை அதைத் தொட்டது. அந்த அக்கா, “பாய், வேணாம்! தம்பிய பாரு, தம்பிய பாரு!” என்று கத்தினார். அந்தக் குரல் இல்லையென்றால் இன்று நானும் உள்ளே இருந்திருப்பேன்.

தம்பி தலையை மடியில் வைத்துத் துண்டால் கட்டினேன். துண்டு நனைந்து சொட்டியது. ஆட்டோவில் அவன் ஒரு தடவை கண் திறந்தான்.

“அண்ணே, நோட்டு?”

“சொல்லலடா. எவனுக்கும் தெரியாது.”

“கொளுத்திடு.”

பெரியாஸ்பத்திரி வாசலில் இறக்கும்போது மூச்சு இல்லை.

மறுநாள் அறுத்துத் தைத்துக் கொடுத்தார்கள். திங்கட்கிழமை வருகிறேன் என்ற மேடம் சொன்னபடி வந்தார். பிணவறை வாசலில் அம்மா பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

அடக்கம் பண்ணுவதற்கு முன்னால் மய்யித்தைக் குளிப்பாட்ட நானும் நின்றேன். அண்ணன்தான் செய்ய வேண்டும் என்றார்கள். புரட்டித் தண்ணீர் ஊற்றியபோது முதுகு தெரிந்தது. கயிற்றுத் தழும்பு கன்றிப் போய், குறுக்கும் நெடுக்குமாக. பள்ளிவாசல் ஹஜ்ரத் என்னைப் பார்த்தார். நான் ஒவ்வொரு தழும்பின் மேலும் தண்ணீர் ஊற்றினேன். ஆறவே இல்லை. ஆறுவதற்கு அவனுக்கு ஒரு நாள்தான் இருந்தது.

பச்சை நோட்டைக் கொளுத்திவிட்டேன். இப்போது மறந்தால் மறந்தது.

இதை யாருக்கும் காட்டுவதற்கு முன்னால் அந்த அக்காவைப் போய்ப் பார்த்தேன். இப்போது மகளோடு வேறு ஊரில் இருக்கிறார். புருஷன் ஜெயிலில். எழுதியதை வெளியே கொடுக்கலாமா என்று கேட்டேன். படித்துக் காட்டச் சொன்னார். காட்டினேன். இரண்டு இடத்தை எடுக்கச் சொன்னார், எடுத்துவிட்டேன். அடையாளம் தெரியாமல் இருக்க ஒரு விஷயத்தை மாற்றச் சொன்னார், மாற்றிவிட்டேன். எதை என்று சொல்ல மாட்டேன். “மத்தது இருக்கட்டும். அந்தப் புள்ள பேர்ல இருக்கட்டும்” என்றார். என் தம்பி அன்றைக்குச் செய்யாமல் விட்டது இந்த ஒரு வேலைதான். போய் உட்கார்ந்து கேட்பது. அதற்கு எனக்கு ஒரு பகல்தான் ஆனது.

மேடம் அவனுடைய பதினொன்றையும் தனியாக பைண்டு பண்ணிக் கொடுத்தார். பெயர் எதுவும் இல்லை. கடைசிப் பக்கத்தில் அவன் கையெழுத்துப் போட வேண்டிய இடம் காலியாக இருக்கிறது. அம்மா அதைக் குர்ஆன் வைக்கிற அலமாரியின் கீழ்த்தட்டில் வைத்திருக்கிறாள்.

இதைப் படிக்கிறவர்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். பள்ளிவாசலுக்குப் போகிறவர்கள் தொழுது முடித்ததும் கை ஏந்தும்போது என் தம்பியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கோயிலுக்கோ சர்ச்சுக்கோ போகிறவர்கள் அங்கே சொல்லுங்கள். பெயர் தெரியாதே என்று நினைக்க வேண்டாம். பொய் எழுதி, அதை எல்லார் முன்னாலும் ஒத்துக்கொண்ட பையன் என்று சொன்னால் போதும். அவனை மன்னிக்கச் சொல்லிக் கேளுங்கள். அவன் படுத்திருக்கிற கபுரில் வெளிச்சம் இருக்கக் கேளுங்கள். அவன் முதுகு வலிக்காமல் இருக்கக் கேளுங்கள்.